தட்டில் விழுங்கினால் கோழி பிழைத்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூண்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு ஏன் விடக்கூடாது என்பதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில் ரத்தக்கழிச்சலுக்கு ஒரு மூலிகைச் சாற்றைச் சிபாரிசு செய்து ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. கோழி ரத்தத்தின் வெள்ளணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து இந்தச் சாற்றை விட்டார்களாம், அவை பெருத்து, கிருமிகளை மளமளவென்று விழுங்கினவாம், ஆகவே சாறு நோயைத் தடுக்குமாம். அந்த 'ஆகவே'யைப் பற்றித்தான் எழுதுகிறேன். கால்நடை ஆய்வகம் ஒன்றில் இதே வெள்ளணுக்களை வளர்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

கோழி ரத்தம் நம் ரத்தம் மாதிரி இல்லை. நம் சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது. கோழியின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் நியூக்ளியஸோடு இருக்கும். ரத்தம் உறைய உதவும் திராம்போசைட்டும் அப்படித்தான், நியூக்ளியஸ் உள்ள முழுச் செல். செல்களை அடுக்கடுக்காகப் பிரிக்க உதவும் ஃபைகால் திரவத்தின் மேல் ரத்தத்தை மெல்ல ஊற்றிச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி வெள்ளணுக்களைப் பிரிக்கும்போது, இந்தத் திராம்போசைட்டுகளும் அதே அடுக்கில் வந்து சேர்ந்துவிடும். துகள்களை விழுங்கும் பழக்கம் இவற்றுக்கும் உண்டு. அதனால் 'வெள்ளணு விழுங்கியது' என்று யாராவது சொன்னால், எந்தச் செல் என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டையே எடுத்துக்கொள்வோம். பிரித்த செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் விட்டு, கோழியின் உடல் சூட்டுக்கு ஏற்ப இன்குபேட்டரை 41 டிகிரி செல்சியஸில் வைத்தால், சில மணி நேரத்தில் மோனோசைட்டுகள் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மிதப்பவற்றை அலசிக் கொட்டிவிடலாம். ஒட்டியவை அடுத்த சில நாட்களில் கல்லில் விட்ட தோசை மாவாகப் பரந்து, உள்ளே குமிழ்கள் நிறைந்து, மேக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கும் செல்லாக மாறிவிடும். கைக்கு எட்டியதையெல்லாம் விழுங்கும். இன்னும் விட்டுவைத்தால் ஒன்றோடொன்று கலந்து, பல நியூக்ளியஸ் கொண்ட ராட்சதச் செல்லாகும். அலெக்ஸிஸ் கேரல், வாரன் லூயிஸ் போன்ற ஆய்வாளர்கள் 1920-களிலேயே கோழி ரத்தத்தில் இதையெல்லாம் பார்த்து எழுதிவிட்டார்கள். இதற்கு ஒரு மூலிகையும் வேண்டாம். வளர்ப்புத் திரவமும் கொஞ்சம் சீரமும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) போதும். சாறு விடாத தட்டை அதே நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 'செல் பெருத்தது' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. பெட்டிச் செய்தியில் அந்தப் பக்கத்துத் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பக்கத்துத் தட்டு இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இலையை அரைத்து எடுக்கும் எந்தச் சாற்றிலும் பாக்டீரியாவின் சுவர்ப் பொருளான எண்டோடாக்சின் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. கோழி மேக்ரோபேஜ் அதைக் கண்டால் உடனே நைட்ரிக் ஆக்சைடு விட ஆரம்பிக்கும். மறுநாள் அதை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் கிரீஸ் (Griess) கரைசலைச் சேர்த்தால் தட்டு முழுக்க அழகான இளஞ்சிவப்பு. சாறு எவ்வளவு அழுக்கோ அவ்வளவு நல்ல நிறம்! எண்டோடாக்சினைச் சோதித்து நீக்காமல் 'எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது' என்று காட்டும் படங்களை நான் நம்புவதே இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணி, விழுங்கினால் செத்துவிடும் ஆள் இல்லை. 1970-களில் இங்கிலாந்தின் ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் லாங், ரோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐமீரியா டெனெல்லா என்ற இனத்தைக் கோழி மேக்ரோபேஜுக்குள் விட்டுப் பார்த்தார்கள். அது உள்ளேயே வளர்ந்தது. கோழிகளுக்கு வரும் மலேரியா ஒட்டுண்ணியும் (பிளாஸ்மோடியம் காலினேசியம்) இப்படித்தான், மேக்ரோபேஜுக்குள்ளேயே பெருகக்கூடியது. ஆக, செல் எத்தனை ஒட்டுண்ணியை விழுங்கியது என்ற கணக்கு நமக்கு ஆறுதல் தராது. சில சமயம் அது ஒட்டுண்ணிக்குக் கிடைத்த வாடகை வீடு.

அந்த மேக்ரோபேஜ் ஒட்டுண்ணியை அடக்க வேண்டுமென்றால் அதற்கு வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அதை அனுப்புவது டி லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள், இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் வழியாக. ஆன்டிபாடிக்கு இதில் பெரிய பங்கு இல்லை. கோழியின் பர்சா என்ற உறுப்பை நீக்கினால் ஆன்டிபாடி உருவாவது கெடும் என்று புரூஸ் கிளிக்கும் கூட்டாளிகளும் 1956-இல் எழுதினார்கள். அப்படிப் பர்சா நீக்கிய கோழிகளும் ஒருமுறை ஐமீரியா வந்து தேறினால், அடுத்த முறை அதைத் தாங்கிக்கொள்கின்றன. அந்தப் பாதுகாப்பும் வந்த ஐமீரியா இனத்துக்கு எதிராக மட்டும்தான். ஐமீரியா மேக்ஸிமா வந்து தேறிய கோழியை டெனெல்லா தாராளமாகத் தாக்கும். உடம்புக்குள் இத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையை, தட்டில் தனியாகக் கிடக்கும் ஒரு செல்லை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

பிறகு ஏன் சாறு கொடுத்தவர்கள் 'கேட்டது' என்கிறார்கள்? டெனெல்லா உள்ளே போன ஐந்தாம் ஆறாம் நாள்வாக்கில் குருட்டுக்குடலில் ரத்தம் வரும். பிழைத்த கோழிக்கு அடுத்த சில நாளில் அது தானாகவே நின்றுவிடும். ஒட்டுண்ணியின் சுற்று அவ்வளவுதான். ரத்தத்தைப் பார்த்த அன்று எதைக் கொடுத்தாலும் கேட்ட மாதிரிதான் இருக்கும்.

அதோடு கட்டுரையில் சொன்னபடி சாற்றுடன் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் கலந்து கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மருந்து வைட்டமின் பி1 போல நடித்துத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. அதே நேரத்தில் பி1 நிறைய ஊற்றினால் மருந்தின் வேலை கெட்டுவிடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வடசென்னையில் இந்த நோய்க்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொண்டாட்டம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர்ப் பக்கம் மழை வந்தால் கூண்டைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுகிறோம். அங்கே உமியும் மரத்தூளும் நனைந்து கட்டி தட்டிக் கிடக்கும். எச்சத்தில் வரும் ஐமீரியா முட்டைக்கூடு அப்போதைக்கு நோய் தராது. ஈரமும் காற்றும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உள்ளே எட்டுக் குட்டி ஒட்டுண்ணிகள் தயாராகிவிடும். ஆகவே கூளத்தை தினமும் கிளறி, நனைந்ததை அன்றன்றே அள்ளிப் போட்டுவிட்டு உலர்ந்ததைப் பரப்புங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித்தான் முதலில் நனையும். பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆய்வகத்தில் முட்டைக்கூடுகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல அதே குளோரின் கரைசலில்தான் ஊறவைப்போம். பாக்டீரியா போகும், முட்டைக்கூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அந்தச் சாற்றில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். விற்பவர்கள் குஞ்சுகளை இரண்டு பிரிவாக்கி, இரண்டுக்கும் எண்ணிய முட்டைக்கூடுகளைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் சாறு தரட்டும். எடை எவ்வளவு கூடியது, ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை முட்டைக்கூடு வந்தது, குடல் புண் 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் எந்த எண் என்று காட்டட்டும். அந்த எண்கள் வந்தால் நீங்கள் இன்னும் பெரிய பெட்டி கட்டியே போடலாம். அதுவரை இது மாதிரிச் செய்திகளுக்குக் கீழே 'ஆய்வகத் தட்டில் மட்டும் பார்த்தது' என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திடீரென்று குஞ்சு செத்தால் புதைக்காமல், ஃப்ரீசரிலும் வைக்காமல், பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் மேல் வைத்து அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். குடலை அறுத்துப் பார்த்தால் ஐமீரியாவா, வெள்ளைக்கழிச்சலா என்று சொல்லிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
கொடுங்கையூர், சென்னை.