பெஞ்சை அறுத்துக் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்பானவர்கள் அனைவருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ரொம்ப நாளாக எழுத நினைத்து, தையல் வேலை, அம்மாவின் மூட்டுவலி, நடுவில் எனக்கு வந்த யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று தள்ளிக்கொண்டே வந்த மடல் இது. யார் பெயரையும் போடப் போவதில்லை. போட்டால் பாதிப் பேருக்குக் கூச்சம், மீதிப் பேருக்குத் தங்கள் பெயர் விட்டுப்போன வருத்தம். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. சபை. கல்லூரி முடித்த வருஷம், பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது நடந்த விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டது. விபத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஆசையில்லை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் நன்றி பாகாயத்துக்கு. வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மையம் அங்கேதான் இருக்கிறது. அங்கே போகும்வரை நான் கட்டிலில் கிடந்த ஒரு பாரம், அம்மாவுக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போன முதல் வாரத்திலேயே பிசியோதெரபி அக்கா என் இரண்டு கைகளையும் பார்த்து, "இனிமேல் இதுதான் உனக்குக் காலும், நல்லா சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாவுவது, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது (இல்லையென்றால் உட்காரும் இடத்தில் புண் வந்துவிடும், உணர்ச்சி இல்லாததால் வந்ததும் தெரியாது), நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே டியூப் போட்டு சிறுநீர் எடுப்பது, இதெல்லாம் அங்கே படித்ததுதான். கடைசியாகச் சொன்னதை வெளியில் எழுத வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

அந்த மையத்துக்குப் பெயர் தந்த டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். கொச்சியில் பிறந்தவர். 1954-ல், சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தபோது, போன வண்டி கவிழ்ந்து அவருக்கும் தண்டுவடம் போனது, முகத்திலும் பெரிய காயம். எழுந்து உட்கார்ந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார், அந்த வேலைக்குள் அவரை இழுத்துவிட்டவர் டாக்டர் பால் பிராண்ட். அப்புறம் ஆஸ்திரேலியா, நியூயார்க் என்று போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தார். பாகாயத்தில் மையம் திறந்தது 1966-ல், பத்மஸ்ரீ கிடைத்தது 1972-ல். கூட்டங்களில் இந்தக் கதையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள், விபத்து, உடனே பத்மஸ்ரீ. எனக்கு அந்த 1954-க்கும் 1966-க்கும் நடுவில் கிடக்கிற வருஷங்கள்மேல்தான் கண். அந்த வருஷங்களில் ஒவ்வொரு நாளும் காலையில் அவரும் எழுந்து, துடைத்து, துணி மாற்றி, நாற்காலியில் ஏறித்தானே வேலைக்குப் போயிருப்பார்? அவர் மறுபடி நடக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஒரு நிம்மதி.

அங்கே எங்களோடு இருந்த ஜார்க்கண்ட் அண்ணன் ஒருவருக்கும் நன்றி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. சாயங்காலம் ஆனால் அவருடைய மொழியில் ஒரு பாட்டு பாடுவார், ராகம் நம்ம பாமாலை (கோயில் பாட்டுப் புத்தகம்) ராகம், வார்த்தை ஒன்றும் புரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது, ஆனாலும் எங்கள் வார்டில் இருந்த எல்லோருடைய பெயரையும் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார், தூங்கும் முன் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். என் பெயரை அவர் உச்சரிப்பதைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. விபத்துக்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

சரி, ஊருக்கு வருகிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அத்தைமார்களே, சித்திமார்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? எனக்கு இடுப்பில் படுக்கைப்புண் வந்து மாதக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடந்த காலத்தில் நீங்கள் முறை போட்டு வந்தீர்கள். அம்மா பீடி சுற்றிக் கொடுத்துவிட்டு வரும்வரை ஒருத்தி என் பக்கத்தில், இரவில் புரட்டிப்போட இன்னொருத்தி. வேதத்தை எடுத்து வாசித்தவர்கள் உண்டு, ஒன்றும் வாசிக்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசியவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால் இரண்டாவது கோஷ்டிதான் எனக்கு அதிகம் பிடித்தது, அவர்கள் வந்துபோன அன்று ஜெபிக்கவும் தெம்பு இருக்கும். இன்றைக்கும் தினமும் ராத்திரி அம்மா ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடிக்க நான் என் தோலைப் பார்க்கிறேன், எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று. சிவப்பு இல்லையென்றால் இருவரும் ஸ்தோத்திரம் சொல்வோம். எங்கள் குடும்ப ஜெபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் புண் ஆறும் முன்னால்தான் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள், எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். மேடைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, எழுந்திரு எழுந்திரு என்றார்கள். நான் எழவில்லை. விசுவாசம் போதாது, வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது என்று மைக்கிலேயே சொன்னார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதே இயேசு மறுத்துவிட்ட விஷயம் அது. அப்போஸ்தலன் பவுலே தன் உடம்பிலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டும் அது எடுபடவில்லை, கிருபைதான் கிடைத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு அழுதேன். அப்போது எங்கள் ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி) கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாற்காலியைத் திருப்பி, "வாம்மா, இங்கே வெயில், வெளியே போய் டீ குடிப்போம்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்களே, அவர்களுக்கு என் நன்றி. நான் நடந்தால்தான் என் சாட்சிக்கு மதிப்பு என்று ஒருநாளும் நினைக்காத எல்லோருக்கும் அதே நன்றி. இந்த மடலை எழுத வைத்ததே நீங்கள்தான்.

அதற்கு அடுத்ததுதான் கோயில் விஷயம். எங்கள் கோயிலுக்கு ஐந்து படி. ஆரம்பத்தில் நாலு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள், ஒவ்வொரு ஞாயிறும் நான் பல்லக்கில் வரும் ராணி மாதிரி, பயத்தில் வேதப்புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் வாலிபர் சங்கம் பக்கவாட்டுக் கதவில் ஒரு சாய்தளம் போட்டது. போட்டார்கள் சரி, செங்குத்தாகப் போட்டுவிட்டார்கள், யாராவது தள்ளினாலே மூச்சு வாங்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று பாகாயத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கை நான் சொன்னதும், கொத்தனார் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி வரும், நேராகப் போட இடமில்லை, நடுவில் ஒரு சமதளம் விட்டு வளைத்துத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார். இரண்டாவது தடவைக்குக் கூலி வாங்கவில்லை. இப்போது நான் தனியாகவே ஏறிவிடுவேன். முட்டுவலிப் பாட்டிமார்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், குழந்தை வண்டிகளும்.

உள்ளே போனாலும் எனக்கு இடம் நடைபாதையில்தான் இருந்தது. காணிக்கைப் பை வரும்போது ஒதுங்க வேண்டும், நற்கருணைக்குப் போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு சனிக்கிழமை தச்சர் அண்ணன் வந்து, மூன்றாவது வரிசை பெஞ்சை அளந்து, நாற்காலி நிற்கிற அளவுக்கு ஒரு முனையை அறுத்து, கைப்பிடியைத் திரும்பப் பொருத்தி, இழைத்து வார்னிஷ் அடித்துவிட்டார். அது ஒரு குடும்பம் தங்கள் தாத்தா ஞாபகமாகக் கொடுத்த பழைய தேக்குப் பெஞ்சு, பெயர் செதுக்கியிருக்கும். அறுக்கலாமா என்று கமிட்டி தயங்கியபோது அந்த வீட்டுப் பெரியம்மாவே, "எங்க மாமா இருந்திருந்தா அவரே ரம்பத்தை எடுத்திருப்பாக" என்று சொல்லிவிட்டார்களாம். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியம்மா ஞாபகம்தான். சுமந்தவர்களைப் புகழ்கிறோம், கூரையைப் பறிகொடுத்த வீட்டுக்காரரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இப்போது எனக்கு இடப்பக்கம் என் அம்மா, முன்னால் பின்னால் ஜனங்கள். பிரசங்கம் நீண்டால் எல்லோரையும் போல நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன், எனக்கு டியூப் நேரம் வேறு இருக்கிறது. ஐயர் அதைப் புரிந்துகொண்டு சமீபகாலமாகச் சுருக்குகிறார் என்று சபையில் பேச்சு. அப்படியானால் நீங்கள்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தையலுக்கு வருகிறேன். கால் மிதிக்காதே, எப்படித் தைப்பாய் என்று கேட்டவர்களுக்கு நடுவில், திருநெல்வேலி டவுனில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் மோட்டார் மாட்டி, காலால் அழுத்தும் பெடலை மேசைமேல் ஒரு கட்டையில் பதித்து, "முழங்கையை வச்சு அமுக்குங்க" என்றார். இரண்டு கையும் துணியில், இடது முழங்கை பெடலில். முதலில் மெஷின் துள்ளி ஓடியது, இப்போது பிளவுஸ் கழுத்துக்கு பைப்பிங் வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. துணிக்கட்டை எடுத்து வருவதும் என்னை டவுனுக்குக் கூட்டிப் போவதும் நம்ம ஆட்டோ பாய். நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்ட அவரே ஒரு கொக்கி வைத்திருக்கிறார். நோன்பு மாதத்திலும் வாயில் தண்ணீர் படாமல் என்னைத் தூக்கி உட்கார வைப்பார். உங்களுக்காக ஜெபிக்கிறேன் பாய் என்று சொன்னால், "நானும் துவா செய்யறேம்மா, ரெண்டு பக்கமும் போகட்டும்" என்பார்.

தண்டுவடம் பாதித்தவர்களுக்கான 2000 ரூபாய் மாத உதவித்தொகைக்கு அலையவிடாமல் எல்லாத் தாளையும் ஒரே தடவையில் பார்த்துச் சரிசெய்து கொடுத்த அலுவலகத் தம்பிக்கும் நன்றி. என் பிளவுஸ் வாடிக்கையாளர்களான அக்காமார்களுக்கும், அளவு கொடுக்க வந்து உட்கார்ந்து வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டிவிட்டு, "நீ எப்படித்தான் இப்படி இருக்கியோ" என்று கேட்கிற உங்களுக்கும். நான் பெரிய பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. காலையில் என்ன வாசித்தேனோ அதைச் சொல்வேன், முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்வேன், போகும்போது உங்கள் பெயரை என் நோட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்வேன், ஜார்க்கண்ட் அண்ணன் மாதிரி மனப்பாடம் செய்ய எனக்கு வராது.

அம்மாவுக்குத் தனியாக எழுதவில்லை. "வீட்டு ஆளுக்கு எதுக்குட்டி நன்றி" என்று திட்டுவாள்.

உங்கள் ஊரில் யாருக்காவது புதிதாகத் தண்டுவடம் அடிபட்டிருந்தால், அவர்கள் வீட்டுப் பெண்களை என்னிடம் அனுப்புங்கள், புரட்டிப்போடுவதையும் டியூப் போடுவதையும் கூச்சமில்லாமல் பேசலாம். கோயிலுக்கோ பள்ளிக்கோ சாய்தளம் போடப் போகிறவர்கள் சிமெண்ட் வாங்கும் முன் கேளுங்கள். கிறிஸ்துமஸ் துணி தைக்கக் கொடுப்பவர்கள் டிசம்பர் 10-க்குள் கொடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் வந்தால் ஐயரம்மா சிபாரிசு செய்தாலும் நடக்காது.