தாத்தாவின் நோட்டில் இந்த எண் இருக்கிறதா பாருங்கள்

பாஸ்டன், லிங்கன்ஷயர்
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. போனில் அம்மாவும் தம்பியும் எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ரயில் இன்ஜின் ஷெட்டின் இரைச்சலில் கேட்கும் திறன் போன உங்கள் காதுக்குப் போன் எட்டுவதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியவை எனக்குள்ளேயே சேர்ந்து கிடக்கின்றன. அதனால் இது நீளமான கடிதம். தாத்தா விமானப்படையில் இருந்தபோது எழுதிய நோட்டில் ஒரு விமான எண்ணைத் தேடச் சொல்லவும்தான் எழுதுகிறேன். டீ குடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் வெயில் இருக்கும்போது படியுங்கள்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குன்னூரில் பிறந்தவளுக்குக் குளிர் புதிதா என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இது வேறு குளிர். நம் ஊரில் மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தாலும் பத்து மணிக்கு வெயில் வந்து முதுகைச் சுடும். இங்கே இந்த மாதத்தில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடுகிறது. கடல்காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உண்டாக்கிய நிலம் என்பதால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகவே போகிறது. விளைவதோ நம் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும்தான். கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக ஏறுகிற அதே பயிரை இங்கே சமதரையில் பார்க்கும்போது ஏதோ குறைகிறது. ஊர் நடுவே ஒரு பழைய தேவாலயக் கோபுரம், எண்பது மீட்டருக்கு மேல் உயரம். அண்ணாந்து எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தால் அங்கே போய் நிற்கிறேன்.

அறை சிறியது, போதுமானது. ஹீட்டர் இருக்கிறது, நான் அதிகம் போடுவதில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கம்பளி இருக்கிறதே. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் மரியாதையாக நடத்துகிறார்கள். இரவு ஷிப்டை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள். ரசம் வைக்கிறேன், சோறு ஆக்குகிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே பிளம் பிரெட் என்று உலர்திராட்சை போட்ட ரொட்டி ஒன்று உண்டு. வெண்ணெய் தடவி டீயோடு சாப்பிடுவார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வர்க்கியை டீயில் நனைக்கும்போது வரும் அந்த வாசனைக்கு ஈடு சொல்ல முடியாது.

அந்த ரொட்டியைக் கொண்டுவந்து கொடுப்பவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அம்மாவிடம் இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் முழுவதும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து தெருவைக் கூட்டுவார். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் சமையலறை மேசையில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடமில்லை. துருப்பிடித்த திருகுகள், உடைந்த அளவுமானிகள், எல்லாவற்றிலும் நூல் கட்டிச் சீட்டு. எந்த இடத்திலிருந்து கழற்றியது, எந்தத் தேதியில், என்ன நிலையில் என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருப்பார். உங்கள் பரண் டப்பாக்கள் ஞாபகம் வந்துவிட்டன. இளமையில் பிரிட்டிஷ் விமானப்படையில் வல்கன் குண்டுவீச்சு விமானங்களுக்குத் தரைப் பணியாளராக இருந்தவர். இப்போது ஈஸ்ட் கிர்க்பி என்ற கிராமத்தில் பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் புதுப்பிக்கும் இடத்தில் உதவி செய்கிறார். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று நானும் அவர் காரில் போய் வருகிறேன்.

அது லங்காஸ்டர் விமானம், எண் என்.எக்ஸ். 611. இதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1945 ஏப்ரலில் ஆஸ்டின் கார் தொழிற்சாலையில் கட்டி முடித்தார்கள். ஜப்பான் மீதான போருக்கு அனுப்பவிருந்தார்கள், அதற்குள் போர் முடிந்தது. சில வருடம் கிடங்கில் கிடந்தது. 1952-இல் பிரெஞ்சுக் கடற்படை வாங்கியது. பசிபிக்கில் நியூ கலிடோனியாவில் வெள்ளை நிறத்தோடு கடலைச் சுற்றிப் பார்க்கும் வேலை செய்தது. 1964-இல் ஆஸ்திரேலியா, அடுத்த ஆண்டு இங்கிலாந்து. பிறகு ஒரு விமானத் தளத்தின் வாசலில் பத்து வருடம் காட்சிக்கு நின்று, மழையிலும் வெயிலிலும் அரித்தது. 1983-இல் இதை வாங்கியவர்கள் பான்டன் சகோதரர்கள், கோழிப்பண்ணை வைத்திருந்த விவசாயிகள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர் 1944 மார்ச் கடைசியில் நியூரம்பர்க் தாக்குதலுக்குப் போன விமானத்தில் இறந்தவர். அண்ணன் நினைவாக ஒரு விமானத்தையே காப்பாற்றியிருக்கிறார்கள். 7,377 லங்காஸ்டர்கள் கட்டினார்கள். இன்று பறப்பவை உலகத்திலேயே இரண்டுதான், ஒன்று இங்கிலாந்தில், ஒன்று கனடாவில். இதை மூன்றாவதாக்க வேண்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். வெயில் காலத்தில் நான்கு இன்ஜினையும் முடுக்கித் தரையில் ஓட்டிக் காட்டுவார்கள். குளிர்காலத்தில் பகுதி பகுதியாகப் பிரித்து, அரித்த தகட்டை மாற்றுவார்கள்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பொன்மலை ரயில் பட்டறையில் பயிற்சியில் இருந்தபோது பாய்லர் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஆறுவதற்குள் அடிக்க வேண்டும் என்று சொல்வீர்கள் அல்லவா? விமானத்துக்கான அலுமினிய ரிவெட்டில் ஒரு வகைக்கு நேர் எதிரான பக்குவம். உலையில் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, உடனே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். வெளியே இருந்தால் சில மணி நேரத்தில் தானாகவே இறுகிவிடும், குளிரில் இருக்கும்வரை மிருதுவாக இருக்கும். எடுத்த கையோடு அடித்து முடிக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உள்ளே இருந்து இரும்புக் கட்டியை முட்டுக்கொடுக்கிறார். அதற்குப் பெயர் இங்கேயும் டாலிதான்! பெரியவர் தன் கொட்டகையில் ஒரு பழைய தகட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதிர்வு தோள்வரைக்கும் ஏறுகிறது. நாற்பது வருடம் இதைச் செய்த உங்கள் கையைத்தான் நாங்கள் சொரசொரப்பு என்று தள்ளிவிடுவோம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். லங்காஸ்டரின் குண்டு அறைக் கதவுகள் இரண்டு பக்கமும் கீழ்நோக்கித் திறக்கும். அதைப் பெரியவர் காட்டிக்கொண்டிருந்தபோது, "என் தாத்தா வேலை செய்த விமானத்தில் கதவு கடை ஷட்டர் போல மேலே சுருண்டு ஏறுமாம்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "எந்த விமானம்?" என்றார். லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம், புனாவில் இந்திய விமானப்படையின் ஆறாவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவு என்றேன். அன்று திரும்பும் வழி முழுக்க அவர் பேசினார். அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை தன்னிடமிருந்த அமெரிக்க லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. அமெரிக்காவோடு செய்த குத்தகை ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். 1948-இல் நம் நாட்டுக்குப் பெரிய குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி ஆட்கள் கான்பூருக்குப் போய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்து பெங்களூருக்கு ஓட்டி வந்து, அங்கே முழுதாகப் புதுப்பித்தார்கள். இப்படிச் சுமார் நாற்பது விமானங்கள்! அவற்றை 1968 வரை நம் விமானப்படை வைத்திருந்தது. மற்ற நாடுகளெல்லாம் எப்போதோ உருக்கிவிட்டன. 18,000-க்கும் மேல் கட்டிய விமானம் அது. இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் சிலவற்றில் பல நம் நாட்டிலிருந்து போனவை. அமெரிக்காவில் டூசானில் ஒன்று, கனடாவில் ஒட்டாவாவில் ஒன்று. ஒட்டாவா விமானத்துக்குப் பதிலாகக் கனடா கொடுத்த லைசாண்டர் விமானம் டெல்லியில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தம்பி அந்தப் பக்கம் போனால் பார்க்கட்டும்.

இங்கிலாந்தில் இருப்பது காஸ்ஃபோர்டில், விமானப்படை அருங்காட்சியகத்தில். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரியவர் விடியற்காலையில் காரை எடுத்து என்னை அழைத்துப் போனார். அங்கே பழுதுபார்க்கும் கூடத்தை ஆண்டில் சில நாள் மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், அதையும் பார்த்தோம். 2013-இல் கடலுக்கு அடியிலிருந்து தூக்கிய ஜெர்மன் டோர்னியர் விமானத்தின் உப்பைப் போக்க, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் தெளித்தார்களாம். உலோகத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டுபவர்களை நம் குன்னூர் ஷெட்டுக்குப் பிறகு இங்கேதான் பார்க்கிறேன்.

அப்புறம் லிபரேட்டர். அமெரிக்காவில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி கட்டியது, மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்த தொழிற்சாலை அது. பிரிட்டிஷ் எண் கே.என். 751. 1945-இல் 99-ஆவது ஸ்குவாட்ரனோடு இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவில் இருந்தது. பிறகு நம்மிடம் வந்து எச்.இ. 807 ஆனது. ஆறாவது ஸ்குவாட்ரன், அப்பா! 1974-இல் நம் விமானப்படை பரிசாகக் கொடுக்க, இந்தியாவிலிருந்து பறந்தே இங்கே வந்திருக்கிறது.

பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். கதவு ஷட்டர் போலத்தான் இருக்கிறது, அலை அலையான மடிப்போடு. தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா பிள்ளைகளும் நாங்களும் நம்பாமல் சிரிப்போம். அவர் கோபப்படாமல் சுவரில் கையால் வரைந்து காட்டுவார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர் கொஞ்சம் தள்ளிப் போய் வேறெதையோ பார்ப்பதுபோல் நின்றார். அந்த நிமிடத்தில் உங்கள் எல்லோரோடும் நம் அடுப்படியில் இருக்க வேண்டும் என்று தோன்றியதைப் போல வேறெப்போதும் தோன்றியதில்லை. பாட்டியின் மடி வாசனைகூட வந்தது.

ஒரு விமானத்தின் வரலாற்றைத் தேட வழிகள் இருக்கின்றன. தயாரிப்பு எண், எந்தத் தளத்திலிருந்து எங்கே போனது என்ற அட்டை, ஸ்குவாட்ரனின் தினக்குறிப்பு, விமானிகளின் பறப்புப் புத்தகம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன் தினக்குறிப்புகளை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் இருப்பது விமானியின் பெயர், கூடப் பறந்தவர்களின் பெயர். இன்ஜினைத் திறந்து சரிசெய்த ஃபிட்டரின் பெயர் பராமரிப்பு ஏட்டில் கையெழுத்தாக மட்டும் இருக்கும். அந்த ஏடுகளைப் பெரும்பாலும் யாரும் காப்பகத்தில் சேர்த்து வைப்பதில்லை. எத்தனை பேர் எண்ணெய்க் கையோடு இதைப் பறக்கவைத்தார்கள்! அவர்களுக்கென்று எழுதிவைத்தது தாத்தாவின் நோட்டைப் போல வீடுகளில் இருந்தால்தான் உண்டு.

அதனால் கேட்கிறேன். பரணில் இருக்கும் தாத்தாவின் இரும்புப் பெட்டியை இறக்குங்கள். அடியில் காக்கித் துணியில் சுற்றி நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கும். தேதி, விமான எண், செய்த வேலை என்று வரிசையாக எழுதியிருப்பார். அதில் எச்.இ. 807 என்ற எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு பக்கத்தையும் தம்பி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பட்டும். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், வெயிலிலும் நேராக வைக்க வேண்டாம், நிழலில் காற்றாடட்டும். தாத்தாவின் சர்வீஸ் எண் பாட்டியின் பென்ஷன் புத்தகத்தில் இருக்கும், அதையும் குறித்து அனுப்புங்கள். அருங்காட்சியகத்துக்குப் பிரதிகளைக் கொடுக்கப் பெரியவர் கடிதம் எழுதித் தருகிறேன் என்கிறார்.

பாகம் பிரிப்பதற்கு முன் பழைய சாமான்களை எடைக்குப் போட வேண்டும் என்று பெரியப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பெட்டியை மட்டும் போட விடாதீர்கள். அவர் அதற்கு விலை கேட்டால் என் பங்கில் கழித்துக்கொள்ளட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கோத்தகிரி அத்தையின் கையெழுத்தும் வேண்டும், அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வேண்டாம்.

பாட்டியின் வாழ்நாள் சான்றிதழை இந்த மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ரேகை விழவில்லை என்று போன வருடம் அலைந்தீர்கள். இப்போது முகத்தைப் படம் எடுத்தே செய்யலாம், தம்பிக்குப் போனில் செய்யத் தெரியும். பாட்டியை மலைப்பாதையில் பஸ்ஸில் அழைத்துப் போக வேண்டாம்.

டிசம்பரில் டிக்கெட் விலை மிகவும் ஏறிவிட்டது. சித்திரையில் வருகிறேன், அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். என் வளையல்களை மீட்க அவசரப்பட வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். தம்பியின் பரீட்சைக் கட்டணத்தை அனுப்பிவிட்டேன்.

அடுக்களைக்குப் பின்னால் சரிந்த தடுப்புச் சுவருக்குப் பாதிப் பணம் இந்த மாதக் கடைசியில் வரும், மீதி தை மாதம். கருங்கல்லிலேயே கட்டச் சொல்லுங்கள். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வடிய அடியில் வரிசையாகக் குழாய் வைக்க வேண்டும், குழாய்க்குப் பின்னால் ஜல்லி போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்