பட் ஃபௌலர் கதையை உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள்

பிங்ஹாம்டன் நகரப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சஸ்குவஹானா, செனாங்கோ ஆறுகள் கூடும் உங்கள் நியூயார்க் மாநிலத்து ஊரில் கோடை வந்தால் இன்றும் பேஸ்பால்தான். நியூயார்க்கின் பெரிய லீக் அணி மெட்ஸ்; அதன் கிளை அணியான ரம்பிள் போனீஸ் ஆட்டத்துக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 1887-ஆம் ஆண்டை ஒரு முழு வகுப்பு எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு உங்கள் ஊர் அணி, பெரிய லீக்குகளுக்கு அடுத்த நிலையில் இருந்த இன்டர்நேஷனல் லீகில் ஆடியது. அதில் இரண்டாவது பேஸை, அதாவது ஓடுபவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய முனைகளில் இரண்டாவதைக் காத்தவர் பட் ஃபௌலர். இயற்பெயர் ஜான் ஜாக்சன். கூப்பர்ஸ்டவுனில் வளர்ந்தவர், முடிதிருத்துபவரின் மகன். 1878-இல் மாசசூசெட்ஸின் லின் நகர அணிக்கு ஆடியபோதே, தொழில்முறை பேஸ்பாலில் நாமறிந்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆகிவிட்டார். அப்புறம் ஸ்டில்வாட்டர், கியோகக், டொப்பீகா என்று ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டுத்தான் உங்களிடம் வந்தார். 34 ஆட்டங்களில் அவருடைய அடிக்கும் சராசரி .350, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 350 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை அடைவது) என்ற கணக்கு. இந்தக் காலத்தில் .300 அடித்தாலே கொண்டாடுகிறோம்.

இரண்டாவது பேஸில் நிற்பவர் மீதுதான், முதல் பேஸிலிருந்து, யாரும் பந்தை அடிக்காமலேயே திருட்டு ஓட்டம் ஓடிவருபவர் சறுக்கிக்கொண்டு வந்து விழுவார். காலில் ஆணி வைத்த காலணி. ஃபௌலரைக் குறிவைத்தே பலர் அந்த ஆணிகளை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் அவர் முழங்காலுக்குக் கீழே மரக் காப்பு கட்டிக்கொண்டு ஆடினார் என்று, அதே லீகில் ஆடிய ஒருவர் 1889-இல் பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்றும் பார்க்க வேண்டும், தன் கால் எலும்பையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி நின்றுகொண்டு எடுத்ததுதான் அந்த .350.

சரி, எதிரணிக்காரர்கள் செய்தது அது. சொந்த அணிக்காரர்களோ நிர்வாகத்துக்குத் தந்தி கொடுத்தார்கள்: கறுப்பின ஆட்டக்காரர்களை நீக்காவிட்டால் நாங்கள் ஆட மாட்டோம் என்று. அணியில் அப்போது ரென்ஃப்ரோ என்ற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரரும் இருந்தார். சில நாட்களில் ஃபௌலரை அனுப்பிவிட்டார்கள். லீகின் வேறு எந்த அணியிலும் சேரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. வேலையைப் பறித்ததோடு விடாமல், பக்கத்து ஊரில் வேலை தேடும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

ஜூலை 14 அன்று லீக் நிர்வாகிகள் பஃபலோவில் கூடினார்கள். இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆதரவு ஆறு, எதிர்ப்பு நான்கு. ஆதரித்த ஆறு ஊர்களில் பிங்ஹாம்டனும் ஒன்று. ஃபௌலரோடு ஆட மறுத்ததற்காக ஒன்பது ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 50 டாலர் அபராதம் போட்டது பிறகு நடந்தது. அது யாருக்கும் உதவவில்லை. ஆகஸ்டில் அணியே லீகை விட்டு விலகியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சனோடு முடித்துக்கொள்கிறார்கள். அதே ஜூலை 14-இல் நியூவார்க் அணியோடு நடந்த ஆட்டத்தில், ஆன்சனின் எதிர்ப்பால் நியூவார்க்கின் கறுப்பின ஆட்டக்காரர்களான ஸ்டோவியும் ஃப்ளீட் வாக்கரும் களமிறங்கவில்லை. ஆன்சன் செய்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் தூரத்து ஊர்ப் பிரபலம் ஒருவர் தலையில் போட்டுவிட்டால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தந்தி அலுவலகம் வரைக்கும் நடந்து போனது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். அந்த நடை உங்கள் ஊர் அணியின் வரலாறு. அதை நீங்கள் சொல்லாமல் யார் சொல்வது?

அப்படியே 1946 ஏப்ரல் 18-க்கும் வாருங்கள். அடுத்த ஆண்டே பெரிய லீகின் நிறத்தடையை உடைக்கப்போகிற ஜாக்கி ராபின்சன், மான்ட்ரியல் அணிக்காக அதே இன்டர்நேஷனல் லீகில் முதன்முதலாகக் களமிறங்கிய நாள். ஆட்டம் நடந்தது ஜெர்சி சிட்டியில். 1887-இல் அந்த ஊரும் 'கறுப்பின ஆட்டக்காரர்கள் வேண்டாம்' என்று வாக்களித்ததுதான். ராபின்சன் அன்று நான்கு ஹிட் அடித்தார், அதில் ஒன்று ஹோம் ரன்.

அதைப் பார்க்க ஃபௌலர் இல்லை. 1913-இல் ஃப்ராங்ஃபர்ட் என்ற சிற்றூரில், சகோதரியின் வீட்டில் இறந்துபோனார். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 1987-இல்தான் பேஸ்பால் ஆய்வாளர்கள் கல் நட்டார்கள். 2022-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஊர்களும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கின்றன, காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அடுத்த வசந்தத்தில் ஒரு பேருந்து பிடியுங்கள். கூப்பர்ஸ்டவுனுக்கு முன்னால் ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி, அந்தக் கல்லை முதலில் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்