காப்பீட்டுப் பதிவுகளைப் பல்கலைக்கழக ஆய்வுக்குத் திறந்துவிடுங்கள்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்திவரும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் புது வடிவம் பெற்று, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த இந்தத் திட்டம், ஆட்சிகள் மாறியபோதும் நின்றுவிடவில்லை. ஓர் ஏழைக் குடும்பம் காப்பீட்டு அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு உண்டாகிறது. எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். பணம் பட்டுவாடா ஆனதோடு அந்தப் பதிவின் வேலை முடிந்துவிடக் கூடாது. நோயாளியின் அடையாளத்தை நீக்கி, முறையான ஒப்பந்தத்தின் பேரில், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்த ஒரு நிலையான நடைமுறையை அறிவியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயத் தொழிலாளர்களுக்கும் சிறுநீரகம் பழுதாவதை நம் மாநிலத்தில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. வெயிலில் உழைப்பதற்கு அதில் பங்கு இருக்கக்கூடும் என்ற கவலையும் எழுந்திருக்கிறது. டயாலிசிஸுக்கு வரும் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த வட்டாரத்தினர்? எத்தனை பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள்? நின்றவர்களுக்கு மருத்துவமனை வெகு தொலைவில் இருந்ததா? ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துச் சோதிக்கப் பெரும் பணமும் ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். எங்கே முதலில் போக வேண்டும் என்பதைக் காப்பீட்டுப் பதிவுகளே காட்டிவிடும்.

ஆனால் எக்செல் கோப்பு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தால் போதாது. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஆண்டில் நூறு அமர்வுகளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு அமர்வும் தனி வரியாகப் பதிவாகி, பெயருக்குப் பதிலாக அவருக்கென மாறாத மறைகுறி எண் ஒன்று இல்லையென்றால், ஒரே மனிதர் நூறு பேராகத் தெரிவார். காப்பீட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் மாறும்போது அந்த எண்ணும் மாறினால், அவர் பாதியில் காணாமல் போய் வேறு ஆளாகத் திரும்பி வருவார். ஒரே கட்டணம் குறித்த சிகிச்சைத் தொகுப்பு ஒன்றை இரண்டு குறியீடுகளாகப் பிரித்தாலே வரைபடத்தில் நோய் குறைந்ததுபோலத் தோன்றும். ஆகவே எந்தக் குறியீடு எந்தத் தேதியில் மாறியது, கட்டணம் எப்போது திருத்தப்பட்டது என்று ஆண்டுவாரியாகச் சொல்லும் விளக்கக் கையேடு தரவோடு சேர்ந்தே வர வேண்டும். அது இல்லாத தரவை வாங்காமலிருப்பதே நல்லது என்பேன்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்கிறேன். மருத்துவமனையிலிருந்து பணம் கேட்டு ஒரு கோரிக்கை போகும், கேள்வியோடு திரும்பும், மறுபடி போகும், தொகை குறைந்து ஒப்புதலாகும். எல்லா வரிகளையும் எண்ணினால் ஒரே அறுவை சிகிச்சை மூன்றாகிவிடும். பணம் கொடுக்கப்பட்டவற்றை மட்டும் எண்ணினால், சிகிச்சைக்கு முன்பே அனுமதி மறுக்கப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள். கொள்கை ஆய்வுக்கு அவர்கள்தான் முக்கியம். மறுக்கப்பட்ட கோரிக்கைகளையும் மறுப்புக்கான காரணங்களையும் விடாமல் தாருங்கள்.

ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருப்பதைச் சுட்டியது. தகுதியைச் சரிபார்ப்பதில் கைபேசி எண்ணுக்குப் பங்கில்லை என்று மத்திய அரசு விளக்கியது. அந்த விளக்கம் சரியாகவே இருக்கட்டும். படிவத்தின் ஒரு கட்டத்தை யார், எதற்காக நிரப்பினார்கள், அது கட்டாயமா என்று அறியாமல் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதைத்தான் அது காட்டுகிறது. பதிவேற்றும் ஊழியர்களோடு ஆய்வாளர்கள் உட்கார்ந்து பேச வழி செய்யுங்கள்.

புறநோயாளிகளும், கைக்காசில் வைத்தியம் பார்த்தவர்களும் இந்தப் பதிவுகளில் இல்லை. அந்த வரம்பை ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதுவது எங்கள் பொறுப்பு.

நோயாளியின் அந்தரங்கம் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சிற்றூரின் பெயர், வயது, அரிய புற்றுநோய், சேர்ந்த தேதி ஆகியவை சேர்ந்தாலே அண்டை வீட்டார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை என்றால் அந்தக் குடும்பம் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் தரவை ஒப்பந்தத்தின் பேரில் ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள். அதில் ஒரு பிரிவில் 1 முதல் 10 பேர் வரை மட்டுமே இருந்தால், அந்த எண்ணிக்கையை வெளியிடக் கூடாது. தைவானில் குடிமக்கள் தங்கள் தரவை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ள வழி வேண்டும் என்று 2022இல் அரசமைப்பு நீதிமன்றமே சொன்னது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாத ஆய்வுக்கு, வகுக்கப்பட்ட தரநிலைகளுக்கு உட்பட்டு, விலக்கு அளிக்கிறது. தரவு உங்கள் கணினியை விட்டு வெளியேற வேண்டாம். நாங்கள் அங்கே வந்து வேலை செய்கிறோம். நீங்கள் சரிபார்த்த அட்டவணைகள் மட்டும் வெளியே வரட்டும். விதியை மீறும் ஆய்வாளரை, அவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும், நிரந்தரமாகத் தடை செய்யுங்கள். அட்டை வழங்கும்போதே மக்களுக்கு இதைத் தமிழில் சொல்லி, விலகிக்கொள்ளும் உரிமையும் தாருங்கள்.

மருத்துவமனைகளின் பெயரை முதல் கட்டத்தில் மறைப்பதென்றால் அதற்கும் உடன்படலாம். அரசு மருத்துவமனையா தனியாரா, எந்த மாவட்டம் என்பவற்றை மட்டும் மறைக்காதீர்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் பதிவுகளில் தொடங்குங்கள். விண்ணப்பப் படிவம், கட்டணம், எத்தனை நாளில் பதில் என்பவற்றை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக அறிவியுங்கள். மாவட்டக் கல்லூரியில் படிக்கும் முனைவர் பட்ட மாணவியும் சென்னைப் பேராசிரியரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். முடிவு துறைக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் வெளியிடத் தடையில்லை என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுகாதாரக் கொள்கை ஆய்வில் ஈடுபட்டிருக்கும் தரவுப் பகுப்பாய்வாளர் ஒருவர்