மாத்திரை கரையும் வரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. அவள் தவழ்ந்த காலம் நேற்றுப்போல இருக்கிறது. எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் மையத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன்.

என்னைத் தயங்க வைத்தது நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விதான். ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) பொருள்களின் அடிமைத்தனத்துக்கான பிரிவைப் புதிதாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், நோயாளிகளிடம் கருத்துக் கேட்கவும் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "நீங்கள் பல வருடமாகக் கேட்கிறீர்களே, அதனால் சிகிச்சையில் ஏதாவது மாறியதா, இல்லை ஃபைலில் போட்டு வைக்கத்தானா? உள்ளதைச் சொல்" என்றும் கேட்டிருந்தாய். மாறியது. ஆனால் முதல் இரண்டு வருடம் ஒன்றுமே மாறவில்லை. அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தோம். அச்சடித்த படிவம், பன்னிரண்டு கேள்வி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். வந்த படிவங்களில் எல்லாம் ஐந்து, ஐந்து, ஐந்து. மாதக் கூட்டத்தில் அதைப் படித்து ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். அதே மாதங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஏன் எல்லாரும் ஐந்து போட்டார்கள் என்பது இப்போது புரிகிறது. மருந்து இரண்டு மூன்று நாள் தவறினால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும், வயிறு கலங்கும், தூக்கம் போய்விடும். அந்த மருந்து நம் கையில் இருக்கிறது. அதைக் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு நம்மைப் பற்றிக் குறை எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்? குறை சொன்னால் டோஸைக் குறைத்துவிடுவார்களோ, பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. வேறு இடங்களில் அப்படி நடந்து பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு" என்பது அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை. நாங்கள் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டோம்.

ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். யார், எவர் என்பது வேண்டாம். ஹெராயினுக்குப் பதிலாக நாம் கொடுக்கும் மாத்திரையான புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "மதியத்துக்கு மேல மருந்து நிக்க மாட்டேங்குது டாக்டர்" என்றார். எட்டு மில்லிகிராமில் இருந்தார். நான் கேஸ் ஷீட்டில் எழுதியது ஒரே வரி: 'டோஸ் கூட்டக் கேட்கிறார்.' அந்த வரியைப் படிக்கிற அடுத்த ஆள் அவரை எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பது நமக்குத் தெரியாததா? இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று அனுப்பினேன். அப்புறம் அவர் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தார். வெளியே இருந்த நாட்களில் பழைய அளவிலேயே ஹெராயின் எடுத்திருக்கிறார். மருந்தை நிறுத்தியதில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? மூச்சு நின்று, உதடு நீலமாகி, தம்பி மூக்கில் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்ஸோன் ஸ்பிரே அடித்துத்தான் பிழைத்திருக்கிறார். அன்றைக்கு அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன், அதாவது அவர் பேச நான் கேட்டேன். காலை வரிசை எப்படி இருக்கும் என்று சொன்னார். ஜன்னலில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், பின்னால் இருபது பேர் நிற்பார்கள், உள்ளே இருப்பவர் "சீக்கிரம், வாயைத் திறந்து காட்டு" என்பார். அவருக்கு வாய் எப்போதும் உலர்ந்தே இருக்கும், மாத்திரை கரையாது, கசப்பு வேறு. அதனால் பாதியில் விழுங்கிவிடுவாராம். தினமும்.

விழுங்கிய புப்ரெனார்ஃபினில் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலுமே அழிந்துபோகும், ரத்தத்துக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். எட்டு மில்லிகிராம் கொடுத்தோம் என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். அவருக்குக் கிடைத்தது அதில் சிறு பங்கு. அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை, மருந்து நிற்கவில்லை. இருமல் நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறோம். மருந்து நிற்கவில்லை என்று இவர் சொன்னதும் அவருடைய நோக்கத்தைச் சந்தேகித்தேன். இதை நினைக்காமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை.

அதன் பிறகு செய்தது சின்ன வேலைதான். வரிசையை எடுத்துவிட்டு நாற்காலிகள் போட்டோம். மாத்திரைக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர். கரைய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும், அதுவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அவருடைய டோஸை ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டவில்லை. அதே எட்டில் மாலை வரை நின்றது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தபோதுதான் எங்கள் கவுன்சலர் ஒன்று சொன்னார். மாத்திரை கரையும் வரை அவர்களால் பேச முடியாது, எழுத முடியுமே என்றார். பன்னிரண்டு கேள்விப் படிவத்தை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு அட்டை ஒன்று வைத்தோம், நான்கே கேள்வி. நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, எனக்கு வேண்டியதைப் பற்றிப் பேசினோமா, இந்த முறை எனக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு, அதில் எங்கே வேண்டுமானாலும் ஒரு குறி போடலாம். மனநல ஆலோசனையில் ஸ்காட் மில்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் கொண்டுவந்த முறையைத்தான் எங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். பெயர் இல்லாமல் போடலாம், பெயர் எழுதினால் அன்றைக்கே உட்கார்ந்து பேசலாம். அட்டையை வாங்குகிறவர் மருந்து கொடுக்கிறவராக இருக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நீ முதல் நாளிலிருந்தே கறாராக வைத்துக்கொள். எங்களிடம் அதை வாங்குகிறவர், தானும் இந்தப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர். எங்களிடம் ஒரு வருடத்தில் சொல்லாததை அவரிடம் ஒரு வாரத்தில் சொன்னார்கள்.

குறைந்த மதிப்பெண் வந்தால் உன் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், முதலில் நானும் சுளித்தேன். இப்போது ஒரு புது ஆள் இரண்டாம் வாரத்தில் கோட்டின் இடது ஓரத்தில் குறி போட்டால் எனக்கு நிம்மதி. பயப்படாமல் சொல்கிறார், இன்னும் இங்கேதான் இருக்கிறார். எப்போதும் வலது ஓரத்திலேயே போடுகிறவரைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

நம் அனுபவமே போதாதா, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோமே என்று சிலர் உன்னிடம் வாதாடுவார்கள். 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அவர்களுக்குச் சொல். மனநல ஆலோசனைக்கு வந்த 550 பேரில் யார் நிலைமை மோசமாகும் என்று சிகிச்சை கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். அவர்கள் காட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானது 40 பேர். காட்டிய 3 பேரில் ஒருவர்தான் அந்த 40 பேரில் இருந்தார். நம் துறையைப் பற்றிய ஆய்வு அல்லதான், ஆனால் நாமும் அதே மனிதர்கள்தானே.

அட்டைக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருப்பவர்களிடம்தானே அது போகிறது? போனவர்களிடம் கேட்க வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. சேரும்போதே அனுமதி வாங்கி, நின்றுபோனவர்களைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினோம். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டோம், அது அதட்டல் மாதிரி இருக்கும். "நாங்கள் எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்?" என்று கேட்போம். திரும்பத் திரும்ப ஒரே பதில் வந்தது: முதல் நாள். முதல் மாத்திரை போட்டதும் உயிர் போகிற மாதிரி இருந்தது, அப்புறம் அந்தப் பக்கமே வர மனசு வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். உடம்பில் ஹெராயின் மிச்சம் இருக்கும்போது புப்ரெனார்ஃபின் போய் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் முழு வேலையும் செய்வதில்லை. ஒரே நொடியில் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஆகிவிடும். பன்னிரண்டு மணி நேரமாவது எதுவும் எடுக்காமல் வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். வேதனை தாங்காமல் இடையில் எடுத்துவிட்டு, சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்கள்.

இப்போது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, உண்மையைச் சொன்னால் அதற்கேற்ற வழி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிலருக்கு மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துப் பல நாளில் மெல்லக் கூட்டுகிறோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் 2016ல் எழுதிய வழி அது. முன்பு உபயோகித்ததை உடனே நிறுத்தச் சொல்லி வதைக்க வேண்டியதில்லை.

வெளியுலகிலும் இந்தக் கதைதான். அமெரிக்காவில் இதேபோன்ற இன்னொரு மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர்கள் தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் நிற்க வேண்டியிருந்ததைத் திரவக் கைவிலங்கு என்றே சொல்லிவந்தார்கள், பல காலமாக. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். மெத்தடோன் மரணங்கள் பெருகிவிடும் என்று பயந்தது நடக்கவில்லை. 2024ல் தளர்வு நிரந்தரமானது. நோயாளிகள் சொன்னதைக் கேட்க ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

பல் விஷயத்தையும் மறந்துவிடாதே. "பல்லு கரையுது டாக்டர்" என்று எங்களிடம் சிலர் சொன்னபோது பழைய பழக்கத்தின் விளைவு என்று தட்டிக்கழித்தோம். 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. வாயில் கரையும் புப்ரெனார்ஃபினால் பல் பிரச்சினை வரலாம், முழுவதும் கரைந்த பிறகு தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்க வேண்டும், பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று. நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எதை அளப்பது என்று கேட்டிருந்தாய். சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடாதே, ஆனால் அதோடு நின்றுவிடாதே. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோஆன் நீல் குழுவினர் பழக்கத்திலிருந்து மீண்டுவருகிறவர்களோடு உட்கார்ந்து ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள், 21 கேள்வி. அதில் போதைப்பொருள் ஒரு பகுதிதான். உறவுகள், தன்னைக் கவனித்துக்கொள்வது, கையில் இருக்கும் வசதி, வாழ்க்கையைப் பார்க்கும் விதம் எல்லாம் வருகிறது. எங்களிடம் ஒரு பெண், தனக்கு எது முன்னேற்றம் என்று கேட்டதற்கு, "கதவு தட்டினா பயப்படாம திறக்கிறேன்" என்று எழுதினாள். அதை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது?

கேட்டதையெல்லாம் கொடுக்கவும் முடியாது. தூக்க மாத்திரை வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரையையும் ஓபியாய்டையும் சேர்த்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, கேட்டதும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் அதற்கும் பதில் போகிறது. நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்ய முடியாதது, ஏன் என்று வாராவாரம் பலகையில் எழுதுகிறோம். பதில் வராத அட்டையை யாரும் இரண்டாம் முறை நிரப்ப மாட்டார்கள்.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. அட்டையின் மாதிரியை இதோடு அனுப்பலாம் என்றிருந்தேன், ஒரு வாரம் பொறு. கருத்துக் குழுவில் இப்போது நோயாளிகள் நான்கு பேர் இருக்கிறார்கள், அந்த எட்டு மில்லிகிராம்காரரும் அதில் ஒருவர். 'மருத்துவர் சொன்னது எனக்குப் புரிந்தது' என்று புதிதாக ஒரு கேள்வி சேர்க்கலாம் என்றேன். போன கூட்டத்தில் அவர் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'நான் சொன்னது மருத்துவருக்குப் புரிந்தது' என்று எழுதினார். மற்ற மூவரும் சரி என்றார்கள். புது அட்டை அச்சாகி வந்ததும் உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி