லூயிஸ் பெயரையும் போட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்பகால விமானத் தபால் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மனைவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போன காபியில் ஆடை படிந்ததுதான் மிச்சம். எழுதியவர் உழைத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்கத் தபால் விமானிகள் அத்தனை பேர் செத்ததற்குக் காரணமாக, 'ஓட்டை விமானங்கள், உயிரைத் துச்சமாக நினைத்த வீரர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அது உறுத்துகிறது. ரயில் தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்திரண்டு வருஷம், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவன் நான். அந்த விபத்துகளைப் படிக்கும்போது என் கண்ணுக்கு முதலில் தெரிவது விமானம் அல்ல, கடிகாரம்.

ஏன் என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஐப்பசி இரவு, ஒரு ஜங்ஷனில் இணைப்பு ரயிலுக்கு நான்கு பைகளை மாற்ற வேண்டும். மணி இரண்டு. பேய்மழை. இரண்டு நடைமேடைகளுக்கும் நடுவில் தண்டவாளம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை, விளக்கும் போய்விட்டது. நான் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. அடுத்த வாரமே மெமோ வந்தது: பைகள் ஏன் இணைப்பைத் தவறவிட்டன, விளக்கம் தரவும். மழை என்ற வார்த்தையே அதில் இல்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதே கதைதான் 1919 ஜூலையில் நியூயார்க் பக்கத்து பெல்மான்ட் பார்க்கில் நடந்தது. கட்டுரையில் இது விடுபட்டுப் போனதுதான் எனக்குப் பெரிய குறை. காலையில் கெட்டியான மூடுபனி. லியான் ஸ்மித் என்ற விமானி பறக்க முடியாது என்றார். அடுத்து ஹாமில்டன் லீயைக் கூப்பிட்டார்கள். அவரும் முடியாது என்றார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வாஷிங்டன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டோ பிரேகர் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். விமானத் தபாலுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். ரயில் ஓடுவதுபோல் விமானமும் நேரத்துக்கு ஓடியே தீரவேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற விமானிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சில நாளில் சமரசம் வந்தது. அதில் ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. வானிலை சரியில்லை என்று விமானி சொல்லி, பறக்கலாம் என்று மைதான மேலாளர் சொன்னால், மேலாளரே முதலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாதா? சரி, பை வைக்கும் குழியில் ஏறி உட்கார வேண்டும்! மெமோ எழுதுகிறவரையும் மழையில் இறக்கு என்பதுதானே இது. எங்கள் சங்கத்துக்கு இந்த யோசனை கடைசிவரை தோன்றவில்லை.

லீயைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித்தை எடுக்கவில்லை. பறக்க மாட்டேன் என்று சொன்ன அந்த லீ, பிறகு யுனைடெட் நிறுவனத்தில் 1949 வரை பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றார். நூறு வயதையும் தாண்டி வாழ்ந்தார்.

இன்னொன்று, தபால்காரனுக்கு மட்டுமே உறைக்கக்கூடியது. 1918 மே மாதம் சேவை தொடங்கியபோது ஒரு கடிதத்துக்கு 24 சென்ட். அதைப் படிப்படியாகக் குறைத்து, 1919 ஜூலையில் தனிக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் 1924 வரை அந்த விமானங்களில் போனது சாதாரண இரண்டு சென்ட் கடிதம்தான். ரயிலில் போகவேண்டிய பையை எடுத்து விமானத்தில் போடுவார்கள். தன் கடிதம் பறக்கிறது என்பதே அனுப்பியவருக்குத் தெரியாது. அவசரம் என்று அவர் கேட்கவும் இல்லை. அந்தப் பைக்காக ஒருவன் மூடுபனியில் மலையில் மோதிச் சாக வேண்டுமா?

விமானம் நல்ல விமானம் என்று நான் வாதாடவில்லை. போர் முடிந்து மிஞ்சிய டி.ஹெச்.-4, மரச்சட்டமும் துணியும். முன்னால் 400 குதிரைத்திறன் இன்ஜின், பின்னால் பெட்ரோல் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் விமானி. தரையில் மூக்குக் குத்தினால் தொட்டி பிய்த்துக்கொண்டு வந்து அவரை இன்ஜினோடு நசுக்கும், பிறகு தீ. 'எரியும் சவப்பெட்டி' என்று பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆனால் அதைச் சரிசெய்ய முடிந்ததே! தபால் துறையே விமானியின் இருக்கையைத் தொட்டிக்குப் பின்னால் மாற்றி, முன்பக்கத்தைப் பைகளுக்குக் கொடுத்தது. அதன் பிறகும் செத்தார்கள் என்றால், இரவும் பனியும் மலையும்தான் காரணம். அவற்றுக்குள் போகச் சொன்னது நேர அட்டவணை.

முதல் நாளன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பிய லெப்டினன்ட் பாயிலை உங்கள் கட்டுரையாளர் கோமாளியாக்கிவிட்டார். ஜனாதிபதி வில்சனே வந்து நிற்க, விமானத்தில் பெட்ரோல் இல்லை, கிளம்பியதும் எதிர்த்திசையில் பறந்தார், மேரிலாந்தில் ஒரு வயலில் தலைகீழாகக் கவிழ்ந்தார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அப்போதுதான் பயிற்சி முடித்த பையன் அவர். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே போகச் சொல்லி அனுப்பினார்கள். மேலிருந்து பார்த்தால் தண்டவாளங்கள் நாலாபக்கமும் பிரிகின்றன. தப்பான ஒன்றைப் பிடித்தார். பெட்ரோல் ஊற்ற மறந்தவர்களை யாரும் கேலி செய்வதில்லை.

பாதை இல்லாத கொடுமை ஐரோப்பாவிலும் இருந்தது. 1922 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில், பாரிஸிலிருந்து வந்த பயணிகள் விமானமும் லண்டனிலிருந்து வந்த தபால் விமானமும் தூறலில் நேருக்கு நேர் மோதின. ஏழு பேர் செத்தார்கள். இரு விமானிகளுமே கீழே தெரிந்த ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். வலப்பக்கமாகவே பறக்கவேண்டும் என்ற விதியை அதன் பிறகுதான் வகுத்தார்கள்.

அமெரிக்காவில் மாற்றம் தரையிலிருந்து வந்தது. சிகாகோவுக்கும் செயேனுக்கும் இடையே கோபுரங்கள் நட்டுச் சுழலும் விளக்குகள் வைத்தார்கள். வழியில் அவசரத்துக்கு இறங்க மைதானங்கள். 1924 ஜூலையிலிருந்து இரவிலும் ஒழுங்காகப் பறந்தார்கள். தபால் துறையின் கணக்குப்படி 1919இல் சுமார் 1,15,000 மைலுக்கு ஒரு விமானி செத்தார். 1926இல் 25 லட்சம் மைலுக்கு மேல் பறந்தால் ஒருவர். இத்தனைக்கும் 1926இலும் டி.ஹெச்.-4கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அதே மாதிரி ஆட்கள்தான்.

அந்தப் பாடத்தைப் பத்து வருஷத்துக்குள் மறந்தும் போனார்கள். 1934 பிப்ரவரியில் ஒப்பந்த ஊழல் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அப்போது தபாலைச் சுமந்துகொண்டிருந்த தனியார் நிறுவனங்களைத் தூக்கிவிட்டு, பத்தே நாளில் ராணுவ விமானிகளிடம் தபாலைக் கொடுத்தார். நடுக்குளிர்காலம், பழக்கமில்லாத தடம், வேலை தொடங்குமுன் ஒத்திகையிலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். ஜூன் வருவதற்குள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். சட்டப்படி நடக்கும் கொலை என்றார் ரிக்கன்பேக்கர். தனியார் விமானக் கம்பெனிக்காரர் என்பதால் அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். ஆனாலும் சொன்னது பொய்யில்லை.

பயணிகள் விமானத்தில் மட்டும் ஒரு விபத்தை நான் கட்டுரையாளர் பக்கமே விட்டுவிடுகிறேன். 1931 மார்ச் 31, கன்சாஸ். ஃபாக்கர் விமானத்தின் மர இறக்கை நடுவானில் முறிந்து எட்டுப் பேர் செத்தார்கள். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி அதில் ஒருவர் என்பதால் நாடே கொதித்தது. உள்ளே ஈரம் இறங்கிப் பசை விட்டுப்போயிருந்தாலும், மேலே ஒட்டிய பிளைவுட்டைப் பிரித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அது விமானத்தின் குற்றம்தான். உலோக விமானத்துக்கு அவசரம் வந்ததும் அதனால்தான். அந்த வழியில் பிறந்தவைதான் நம் டகோட்டா விமானங்கள்.

டகோட்டா என்றதும் நாக்பூர் நினைவுக்கு வருகிறது. 1949இல் நம் நாட்டில் இரவு விமானத் தபால் தொடங்கியபோது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பும். பயணிகளும் அதிலேயே போவார்கள். 1953 டிசம்பரில் அப்படிச் சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா மேலே எழும்பிய உடனே விழுந்து 13 பேர் செத்தார்கள். எங்கள் மூத்த சார்ட்டர் ஒருவர் இதைச் சொல்லும்போது 'அன்னிக்கு நாக்பூர் பை வரலை' என்றுதான் ஆரம்பிப்பார்.

கடைசியாக ஒன்று. 1921 பிப்ரவரி 22 இரவு, விவசாயிகளும் தபால் ஊழியர்களும் மூட்டிய சொக்கப்பனைகளைப் பார்த்துக்கொண்டே நெப்ராஸ்காவைக் கடந்த ஜாக் நைட்டின் படத்தை முழுப்பக்கம் போட்டிருக்கிறீர்கள். போடவேண்டிய படம்தான். ஒமாஹாவில் மாற்று விமானி வராததால், முன்பின் பறந்திராத தடத்தில் ஒரு சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு சிகாகோ வரை போனவர் அவர். ஆனால் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை தபாலைக் கைமாற்றிக் கொண்டுபோன அதே ஓட்டத்தில், அதே நாளில், நெவாடாவின் எல்கோவில் கிளம்பும்போதே விழுந்து செத்த வில்லியம் லூயிஸின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த இதழில் ஒரு வரியாவது போடுங்கள். அவருடைய விமானத்திலிருந்து தபாலை எடுத்து வேறொரு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். 33 மணி 20 நிமிடத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர்,
திருச்சிராப்பள்ளி