ஒற்றைக் கழியை விடுங்கள்: ஜவ்வாது மலை ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை, புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், நோயாளியைத் தோள்கொடுத்துத் தூக்கிவரும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம்.

சாலையில்லாத ஊரிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் படம் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் சாலை கேட்டுக் குரல் எழுகிறது. சாலை வேண்டும், அதில் நாங்களும் உங்கள் பக்கம்தான். ஆனால் சாலை வரும்வரைக்கும், வந்த பிறகு கொல்லைக்கும் சாலைக்கும் நடுவே மிச்சமிருக்கும் ஒற்றையடிப் பாதையிலும், ஆளைத் தூக்கித்தான் வரவேண்டும். செவிலியராகவும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராகவும் வேலை பார்க்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒற்றைக் கழியில் போர்வையைக் கட்டித் தூக்குவதை விட்டுவிடுங்கள். ஊருக்கு ஒன்றாக, இரண்டு கழி போட்ட விறைப்பான தூக்குப் படுக்கை செய்து வையுங்கள்.

காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒற்றைக் கழி டோலியில் ஆள் வில்லாக வளைந்து கிடப்பார். நினைவில்லாதவருக்கு முகவாய் நெஞ்சில் முட்டி, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுக்குழல் அடைபடும். வாந்தி வந்தால் வெளியேற வழியில்லை, நுரையீரலுக்குள் போகும். புளிய மரத்திலிருந்து விழுந்தவரின் முதுகெலும்பு ஒவ்வொரு அடிக்கும் மடங்கி நிமிரும். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து சுருண்டு கிடந்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்; தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கும், குழந்தைக்கு ரத்தம் குறையும். இன்னொரு கேடும் உண்டு. போர்வை முகத்தை மூடிவிடுவதால் இதில் எதுவுமே தூக்குகிறவர் கண்ணுக்குப் படாது.

செய்முறை கடினமில்லை. நன்றாக முற்றிக் காய்ந்த கல்மூங்கில் இரண்டு, ஒவ்வொன்றும் ஏழே முக்கால் அடி நீளம், பிடிக்கு அடங்கும் பருமன். நடுவே ஆறடி நீளத்துக்குக் கெட்டியான கித்தான். விரித்த அகலம் 22, 23 அங்குலம். இந்த அளவு சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தில் 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பர்லியின் பெயரைத் தாங்கிய படுக்கையின் அளவு ஏறத்தாழ இதுதான். இதைவிட அகலம் கூடினால் ஒற்றையடிப் பாதையில் புதர் தட்டும், குறைந்தால் தோள் பிதுங்கும். கித்தானின் இரு ஓரங்களையும் மடித்து, கழி நுழையும் அளவுக்குக் குழாய்போல் தைத்து, இரட்டைத் தையல் போடுங்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம் கட்டாயம். அது இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் கழிகள் இரண்டும் உள்வாங்கி, பழைய தொட்டிலாகவே ஆகிவிடும். அடியில் நான்கு அங்குல உயரத்துக்குக் கட்டை வைத்தால் கீழே வைக்கும்போது விரல் நசுங்காது. கித்தான் கிடைக்காத அவசரத்தில் மூன்று அரிசிச் சாக்குகளின் அடிமூலைகளை அறுத்து, கழிகளில் வரிசையாகக் கோத்தால் போதும். குறுக்குச் சட்டத்தை மட்டும் அப்போதும் விடாதீர்கள்.

கட்டும் வார்கள் மூன்று: மார்பு, இடுப்பு, முழங்காலுக்கு மேல். கையை மட்டும் நம்பினால் பத்து நிமிடத்தில் பிடி தளரும். அதனால் தோளில் மாட்டி, இரு முனையும் கழிப்பிடியில் விழும்படி ஆளுக்கொரு வார் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தூக்குவது. அறுபது கிலோ ஆளும் படுக்கையும் சேர்ந்தால் எழுபது கிலோவுக்கு மேல். நான்கு பேர் என்றால் தலைக்குப் பதினெட்டு கிலோ. இறக்கத்தில் பாரம் முன்னால் போகிறவர்கள் மேல் சரியும். எனவே ஆறு பேர் தூக்க, இரண்டு பேர் வெறுங்கையோடு வரவேண்டும். அவர்களில் ஒருவர் பாதையைப் பார்த்துக் குரல் கொடுப்பவர், மற்றவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடவலம் மாற்றுங்கள். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே காலை எடுத்துவைத்தால் படுக்கை ஊஞ்சலாடும். ஒருவர் இடது என்றால் அடுத்தவர் வலது. இறக்கத்தில் கால் முன்னே, ஏற்றத்தில் தலை முன்னே. கால் எலும்பு முறிந்தவருக்கு மட்டும் இது தலைகீழ்: இறக்கத்தில் அவருடைய தலைதான் முன்னே போகவேண்டும், இல்லையென்றால் உடம்பின் பாரம் முழுவதும் முறிவின்மேல் இறங்கும்.

நம் ஜனங்களுக்கு இது புதிதும் இல்லை. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது காந்தி நேட்டாலில் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் 300 பேரைத் தவிர மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. ஸ்பியன் காப் சண்டையின்போது, காயம்பட்டவர்களைப் படுக்கையில் சுமந்து ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். பீஞ்சமந்தையிலிருந்து அடிவாரம் வருவதைவிட அது பலமடங்கு தூரம். ஆட்கள் போதுமான அளவு இருந்ததும், படுக்கை விறைப்பாக இருந்ததும்தான் அதைச் சாத்தியமாக்கின. முதல் உலகப் போரில் 1917இல் பெல்ஜியத்தின் பாஸ்சண்டேல் போர்க்களச் சேற்றில் வழக்கமான நான்கு பேர் போதவில்லை. ஒரு படுக்கைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று ஏற்றினார்கள். வழியில் கைமாற்றும் நிலைகள் வைத்து, ஒரு குழு அடுத்த குழுவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியது. உங்கள் மலையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு கைமாற்று இடம் பேசி வைத்துக்கொண்டால் எட்டுப் பேரும் சாலைவரை வந்து களைத்துப்போக வேண்டியதில்லை.

தொடை எலும்பு முறிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், அதில்தான் தூக்கும் முறையாலேயே உயிர் போகிறது. தொடைச் சதைக்குள்ளேயே ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்கிவிடும். முறிந்த முனைகள் அசைய அசைய அது கூடும். முதல் உலகப் போரின் முற்பகுதியில் இப்படிக் காயம்பட்டவர்களில் நூற்றுக்கு 80 பேர் இறந்தார்கள் என்றும், 1918இல் அது 20 ஆகக் குறைந்தது என்றும் ராபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு மருத்துவர் பின்னாளில் சொன்னார். முக்கியக் காரணம், அவருடைய மாமா ஹியூ ஓவன் தாமஸ் லிவர்பூலில் வடிவமைத்த இரும்புச் சட்டத் தப்பை; முறிந்த காலை இழுத்து அசையாமல் பிடிப்பது. படுக்கை தூக்குவோருக்கு அதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டப் பழக்கினார்கள். பூட்ஸைக் கழற்றாமல், உடைக்கு மேலேயே, ஆளைத் தூக்கும் முன்பே மாட்டினார்கள். அந்தத் தாமஸ் எலும்பு கட்டும் வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டும் நம் பக்கத்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அந்தப் புத்தூர் வட ஆற்காட்டில்தான் இருந்தது. கட்டுக்குப் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்ற பேச்சு இங்கே நிறைய உண்டு. தொடை எலும்புக்கு அந்தப் பேச்சே கூடாது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, முதலில் ஆஸ்பத்திரி.

இழுத்துக் கட்டும் தப்பையைப் பயிற்சி இல்லாமல் முயலவேண்டாம். மூங்கில் பட்டை இரண்டு போதும்: வெளிப்புறம் அக்குளிலிருந்து குதிகாலுக்குக் கீழ்வரை, உட்புறம் தொடை இடுக்கிலிருந்து குதிகாலுக்குக் கீழ்வரை. எலும்பு முட்டும் இடங்களில் துணி மெத்தை வைத்து, மார்பு, இடுப்பு, முறிவுக்கு மேல், முறிவுக்குக் கீழ், முழங்கால், கணுக்கால் என்று கட்டி, கடைசியில் நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். முறிவின்மேல் கட்டு விழக்கூடாது. கால்விரல் நீலம் பாரித்தாலோ சில்லிட்டாலோ கட்டைத் தளர்த்துங்கள்.

பாம்புக் கடிக்குக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். கடிபட்ட கை காலைப் பட்டை வைத்து அசையாமல் கட்டுவதே போதும். மோதிரம், மெட்டி, அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் வருமுன் எடுத்துவிடுங்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலியே தராது. இமை சரிவதும் எச்சில் விழுங்க முடியாமல் போவதும்தான் முதல் அறிகுறி. முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிற ஆள் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். இமை சரிந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குச் சுருட்டிய போர்வை கொடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர நேரம் செலவழிக்க வேண்டாம். தொடக்கத்திலேயே எட்டிலிருந்து பத்துக் குப்பி வரை தேவைப்படும். முன்கூட்டியே போன் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையிருப்பைப் பார்த்து வைக்க முடியும்.

கர்ப்பிணியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அது முடியாவிட்டால் வலது இடுப்புக்குக் கீழ் மடித்த புடவை ஒன்று. வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

போன் செய்வது டோலி கட்டியபின் அல்ல, கட்டும் முன்பே. ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடட்டும், மற்றவர்கள் படுக்கையை விரிக்கட்டும். 108க்கு ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, வண்டி எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள். வண்டி நிற்கும் இடம் எப்போதும் ஒரே இடமாக இருக்கட்டும். வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902இல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி கட்டிய மருத்துவர் ஐடா ஸ்கடர், 1906 முதல் மாட்டு வண்டியிலும் 1909 முதல் பெஜோ காரிலும் சாலையோரச் சிகிச்சைக்குப் போனார். குறித்த நாளில், குறித்த நிறுத்தத்தில் வண்டி நிற்கும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர்களிலிருந்து நோயாளிகளை அங்கே கொண்டுவந்து காத்திருந்தார்கள். அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறோம்.

பிரெஞ்சுப் படையில் 1792 வாக்கில் லாரே என்ற அறுவை மருத்துவர் சேர்ந்தபோது, ஆம்புலன்ஸ் வண்டிகள் படைக்கு ஒரு லீக் (ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்) பின்னால் நிற்கவேண்டும் என்பது விதி. சண்டை ஓயும்வரை காயம்பட்டவர்கள் கிடந்த இடத்திலேயே கிடப்பார்கள். குதிரைகள் இழுத்தோடும் இலகுவான பீரங்கிகளைப் பார்த்து, அதேபோல் இரண்டு சக்கர வண்டி செய்து அவர் களத்துக்குள்ளேயே அனுப்பினார். எகிப்துக்குப் போனபோது மணலில் வண்டி ஓடாது என்று கண்டு, ஒட்டகத்தின் இரு பக்கமும் ஆள் நீட்டிப் படுக்கும் பெட்டிகளைக் கட்டினார். நிலத்துக்கு ஏற்ப வாகனம் மாறியது. ஆள் நீட்டிப் படுப்பது மட்டும் மாறவில்லை.

நோயாளியோடு ஒரு சீட்டும் வரட்டும். அடிபட்ட அல்லது கடிபட்ட நேரம், வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, கிளம்பும்போதும் சேரும்போதும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. இவ்வளவுதான். சட்டைப் பையில் போட்டால் ஆஸ்பத்திரியில் சட்டையோடு போய்விடும், படுக்கை வாரில் கட்டினால் படுக்கையோடு ஊருக்கே திரும்பிவிடும். நோயாளியின் மணிக்கட்டில் கட்டுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. கித்தானை எலி கடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துத் தையல் இற்றுப்போகும், மூங்கில் உளுக்கும். கிராம சபை கூடும் நாளில் கூட்டத்திலேயே பருத்த ஆள் ஒருவரை ஏற்றி, ஆறு பேர் தூக்கி நூறு அடி நடந்து பாருங்கள். முறிகிற கழி அன்றைக்கே முறியட்டும். படுக்கையை அங்கன்வாடியில் தரையில் சாய்க்காமல் உத்தரத்தில் தொங்கவிடுங்கள். அங்கன்வாடியை இரவில் பூட்டுவார்கள். அதனால் ஒரு சாவி அங்கன்வாடி அம்மாவிடமும் இன்னொன்று பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும், எந்த வீடு என்பதைக் கதவிலேயே எழுதி வையுங்கள்.

அன்புடன்,
மலைப்பகுதியில் பணிபுரியும் செவிலியர்களும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களும்
வேலூர்